அந்த அடிமைப் பெண்ணின் கதை எங்கே?

"குழந்தைகள் படிக்கிற கதையில் அரசியல் ஏது? பேசும் குதிரைக்கும் வர்க்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். பஞ்சாலையில் நூல் இழுக்கிறவனும், சேற்றில் நாற்று நடுகிறவளும் இலக்கியத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாமா என்பதுதான் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி.

சொல்லலாம் என்பதே நம் பதில். கூலி வேலைக்குப் போகிறவனின் பிள்ளையும் இன்று பள்ளிக்கூடம் போகிறது. நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வருகிறது. வெளிநாட்டுக் கதைகளும் அதன் கைக்கு வருகின்றன. பிள்ளையின் தட்டில் என்ன சோறு விழுகிறது என்று பார்க்கிற தாய், அதன் காதில் என்ன கதை விழுகிறது என்றும் பார்க்கத்தான் வேண்டும். சோறு உடம்பை வளர்க்கிறது. கதை மனதை வளர்க்கிறது. இரண்டிலும் கலப்படம் உண்டு.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது 1954-ல் லண்டனில் வெளிவந்த ஒரு நாவல். பெயர் 'தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்'. 'குதிரையும் அதன் பையனும்' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் சி. எஸ். லூயிஸ். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் 1898-ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலையில் நெடுங்காலம் இலக்கியம் போதித்தவர். 1963-ல் காலமானார். நார்னியா என்ற கற்பனை ராஜ்யத்தை வைத்து 1950 முதல் 1956 வரை அவர் வெளியிட்ட 7 நாவல்களில் இது ஒன்று. அந்த நாவல்கள் கோடிக்கணக்கில் விற்றிருக்கின்றன. அவற்றில் மூன்று, 2005, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் சினிமாப் படங்களாகவும் உலகைச் சுற்றி வந்தன. நாம் பேசுகிற கதை அந்த மூன்றில் இல்லை. ஆனால் ஏழில் இதுதான் நம்மவர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய கதை. ஏனென்றால் இது குடிசையில் தொடங்குகிறது.

குடிசையும் பாலைவனமும்

காலோர்மென் என்று ஒரு தேசம். அதன் வடக்கு எல்லையில் பெரும் பாலைவனம். பாலைவனத்துக்கு அப்பால் ஆர்ச்சன்லாந்து, நார்னியா என்று இரண்டு ராஜ்யங்கள். காலோர்மென் தேசத்தின் தென்கோடிக் கடற்கரையில் அர்ஷீஷ் என்ற ஏழை மீனவன். அவனிடம் ஷாஸ்டா என்ற பையன். வலையைக் கழுவுவது, கிழிந்த இடத்தைத் தைப்பது, சோறாக்குவது, குடிசையைக் கூட்டுவது எல்லாம் அவன் வேலை. மீன் நல்ல விலைக்குப் போகாத நாளில் மீனவனிடம் அடி வாங்குவதும் அவன்தான்.

ஒருநாள் குதிரையில் ஒரு பிரபு வருகிறான். அழைக்காமலே வந்து குடிசையில் தங்குகிறான். மீனவன் நடுநடுங்கி, வீட்டில் இருக்கும் நல்ல உணவையெல்லாம் அவன் முன் வைக்கிறான். பையனுக்கு ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்து வெளியே அனுப்புகிறான். பிறகு பேரம் நடக்கிறது. பிரபு பையனுக்கு 15 காசு விலை சொல்கிறான். மீனவன் 70 கேட்கிறான். சுவரோரம் உட்கார்ந்து பையன் கேட்கிறான். தான் மீனவனின் மகன் அல்ல, கரை ஒதுங்கிய படகில் கிடைத்த குழந்தை என்றும் அப்போதுதான் அறிகிறான். அந்தப் படகில் இறந்துகிடந்த ஒரு மனிதன், தான் பட்டினி கிடந்து அந்தக் குழந்தையை உயிரோடு காத்திருந்தான்.

பிரபுவின் குதிரை பேசும் குதிரை. நார்னியாவில் பிறந்து, குட்டியாக இருக்கும்போதே திருடப்பட்டது. ப்ரீ என்ற அந்தக் குதிரையும் பையனும் அன்றிரவே ஓடுகிறார்கள். வழியில் அராவிஸ் என்ற பிரபு குலத்துப் பெண் சேர்கிறாள். கிழட்டு மந்திரி ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுக்க ஏற்பாடாகியிருந்ததால் ஓடி வந்தவள். அவளிடமும் ஒரு பேசும் குதிரை. நால்வரும் தலைநகரைத் தாண்டி, பாலைவனத்தைக் கடக்கிறார்கள். காலோர்மென் இளவரசன் ரபதாஷ் 200 குதிரை வீரர்களோடு ஆர்ச்சன்லாந்தைப் பிடிக்க வருகிறான் என்ற ரகசியம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. களைத்துப்போன நிலையிலும் ஷாஸ்டா ஓடிப் போய் அந்த நாட்டு ராஜாவை எச்சரிக்கிறான். நாடு தப்புகிறது.

கடைசியில் என்ன தெரிகிறது? ஷாஸ்டா அந்த ராஜாவின் மகனாம்! பிறந்ததும் களவு போன மூத்த பிள்ளை, பட்டத்து இளவரசன் கோர். கதை முடிகிறது. மீனவக் குடிசையில் வளர்ந்தவன் அரண்மனைக்குப் போகிறான். பிறகு அராவிஸைக் கல்யாணம் செய்துகொண்டு ராஜாவாக ஆள்கிறான்.

நல்லதை நல்லது என்போம்

கதை சுவையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அடிமைத்தனம் கொடியது என்று ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். பெண்ணின் விருப்பத்தைக் கேட்காமல் கட்டிக்கொடுப்பது அநியாயம் என்கிறார். தலைநகர் தாஷ்பானில் ஒரே ஒரு சாலை விதிதான் உண்டு: சிறியவன் பெரியவனுக்கு வழி விட வேண்டும். விலகாதவன் முதுகில் சவுக்கு விழும். அந்த நெரிசலில் ஷாஸ்டா இடிபடுவதைப் படிக்கும்போது, மிராசுதாரின் வண்டிக்கு வரப்பிலிருந்து இறங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எல்லாம் புரியும்.

அப்படியானால் நமக்கு என்ன வழக்கு? எதை அடிமைத்தனம் என்று காட்டுகிறார், யாருக்கு விடுதலை கொடுக்கிறார், யாரை நடுவழியில் விட்டுவிட்டுப் போகிறார் என்பதுதான் நம் வழக்கு.

கேட்கப்பட்ட ஒரே கேள்வி

அராவிஸ் வீட்டைவிட்டு ஓடிய விதத்தைப் பெருமையாகச் சொல்கிறாள். அவளுடைய சிற்றன்னைக்கு ஓர் அடிமைப் பெண் உண்டு. காவலுக்கு இருந்த அந்தப் பெண்ணுக்குத் தூக்க மருந்து கொடுத்துவிட்டு அராவிஸ் கிளம்பிவிட்டாள். கதை கேட்டுக்கொண்டிருந்த ஷாஸ்டா ஒரு கேள்வி கேட்கிறான்: அந்தப் பெண்ணின் கதி என்ன ஆயிற்று?

தூங்கியதற்காக அவளுக்கு அடி விழுந்திருக்கும் என்று சாவதானமாகப் பதில் சொல்கிறாள் அராவிஸ். அவள் சிற்றன்னையின் கைக்கருவி, அடிபட்டால் எனக்குச் சந்தோஷமே என்கிறாள். அது நியாயமில்லையே என்கிறான் பையன்.

தோழர்களே, இந்த நாவல் முழுவதிலும் ஒரு மனிதன் கேட்கக்கூடிய மிகச் சிறந்த கேள்வி இதுதான். இதைக் கேட்டது யார்? ராஜாவா? ஞானியா? வலை கழுவிய பையன்! விலை பேசப்பட்டவனுக்குத்தான் விலைப்பட்டவளின் நினைவு வந்தது. உழைத்த கைக்குத்தான் உழைத்த முதுகின் வலி தெரிந்தது.

பிறகு என்ன நடக்கிறது? கதையில் அஸ்லான் என்ற சிங்கம் வருகிறது. அதுதான் நார்னியாவின் தெய்வம். அது அராவிஸைத் துரத்தி அவள் முதுகில் நகத்தால் கீறுகிறது. அந்த அடிமைப் பெண்ணின் முதுகில் எத்தனை அடி விழுந்ததோ அத்தனை கீறல். அந்த வலி எப்படியிருக்கும் என்று நீ அறிய வேண்டியிருந்தது என்று சிங்கம் பின்னர் விளக்குகிறது. சரி, நல்ல பாடம். அராவிஸுக்கும் மனம் மாறுகிறது. அந்தப் பெண்ணுக்கு என்னால் இனியும் தீங்கு வருமா என்று கேட்கிறாள்.

சிங்கத்தின் பதில் என்ன தெரியுமா? நான் உன் கதையைத்தான் உனக்குச் சொல்கிறேன், அவள் கதையை அல்ல. ஒவ்வொருவருக்கும் அவரவர் கதை மட்டுமே சொல்லப்படும் என்று வாயை மூடிவிடுகிறது.

அவ்வளவுதான்! அந்த அடிமைப் பெண் கதையைவிட்டு வெளியே போகிறாள். திரும்பி வரவே இல்லை. அவளுக்குப் பெயர் கிடையாது. முகம் கிடையாது. ஒரு வார்த்தை பேச வாய் கிடையாது. ஒரு பிரபு வீட்டுப் பெண் நல்லவளாவதற்கு அவள் முதுகு பயன்பட்டது. வேலை முடிந்தது, போகலாம்.

சவுக்கடி என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தஞ்சைச் சீமையில் பண்ணையாட்களின் முதுகு அதை அறிந்தது. அடி வாங்கியவனின் கதையை அடித்தவனுக்குச் சொல்லக்கூடாது என்று ஒரு சட்டம் இருக்குமானால், அது யாருக்குச் சாதகமான சட்டம்? ஒவ்வொருவனும் தன் கதையை மட்டும் பார்த்துக்கொண்டு போ என்பதை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? பக்கத்துத் தறிக்காரன் வேலைநீக்கம் ஆனபோது முதலாளி நம்மிடம் சொன்னது அதுதானே! பக்கத்துக் குடிசையைப் பிரித்துப்போட்டபோது காரியஸ்தன் நம்மிடம் சொன்னது அதுதானே! சிங்கத்தின் வாயில் வந்தால் அது தத்துவமாகிவிடுமா?

இன்னொன்றையும் பாருங்கள். தலைநகரில் அராவிஸின் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். பகட்டுக்காரி. ரகசியத்தை வெளியிடுகிற அடிமையை அடித்தே கொன்று, பிறகு உயிரோடு எரித்து, அதற்கப்புறம் 6 வாரம் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுப்பேன் என்று மிரட்டுகிறாள். அவளுடைய அசட்டுத்தனத்தைக் காட்ட ஆசிரியர் செய்யும் வேடிக்கை இது. படிக்கிற பிள்ளை சிரிக்கும். அந்த மிரட்டலை எதிரே நின்று கேட்ட அடிமைகளுக்குச் சிரிப்பு வந்திருக்குமா? அவர்கள் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்று ஒரு வரி உண்டா? இல்லை.

வலை கழுவிய கேள்வி, முடி சூட்டியதும் எங்கே போயிற்று?

ஷாஸ்டா இப்போது இளவரசன். அவனிடம் அரண்மனை இருக்கிறது. அவன் தகப்பனிடம் படை இருக்கிறது. தோற்றுப்போன காலோர்மென் இளவரசன் அவர்கள் கையில் சிறைப்பட்டிருக்கிறான். அந்த அடிமைப் பெண்ணை விடுவி என்று இப்போது கேட்கலாமே! மீனவக் குடிசைகளில் பிள்ளைகளை விலை பேசுவதை நிறுத்து என்று நிபந்தனை போடலாமே! அவன் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. ரபதாஷ் கழுதையாக மாற்றப்படுகிறான், கேலிப்பொருளாகிறான், ஊர் திரும்புகிறான். காலோர்மென் தேசத்தில் அடிமைச் சந்தை அடுத்த நாளும் திறந்திருக்கும்.

அந்த மீனவன் அர்ஷீஷ்? பிள்ளையை விற்கிறவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் விலை பேச வந்தவன் யார்? அந்தக் கடற்கரையை அத்தனை ஏழ்மையில் வைத்தது யார்? இதை நாவல் கேட்பதில்லை. அர்ஷீஷ் தன் தகப்பன் இல்லை என்று தெரிந்ததும் பையனுக்கு மனப்பாரம் இறங்குகிறதாம். அவன்மேல் பாசம் வராதது தன் குற்றமோ என்று கலங்கியிருந்தவன், இப்போது நிம்மதியடைகிறான். உடனே தான் ஒரு பிரபுவின் மகனாக இருக்கலாம், சக்கரவர்த்தியின் மகனாகக்கூட இருக்கலாம் என்று கனவு காண்கிறான். வேறொரு மீனவனின் மகனாக இருக்கலாம் என்று அவனுக்கு ஏன் தோன்றவில்லை? உலகத்தில் எண்ணிக்கையில் அதிகம் இருப்பவர்கள் பிரபுக்களா, மீனவர்களா?

ரத்தத்தின் மகிமை!

இந்த நாவலில் தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்த இருவரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒருவன் அந்தக் கிழட்டு மந்திரி. அவன் தாழ்ந்த குலத்தில் பிறந்து, முகஸ்துதி செய்து மேலே வந்தவன் என்று அராவிஸ் ஏளனமாகச் சொல்கிறாள். கூன் முதுகு, குரங்கு முகம் என்று அவனை வர்ணிக்கிறார்கள். இன்னொருவன் ஷாஸ்டா. அழகன், வீரன், நல்லவன். காரணம்? அவன் தாழ்ந்தவனே அல்ல, ராஜ ரத்தம்! கதையின் தொடக்கத்திலேயே, இந்தப் பையன் வெள்ளை நிறம், வடக்கத்தி அழகு, கறுத்த முகமுள்ள உனக்குப் பிறந்தவனாக இருக்க முடியாது என்று மீனவனிடம் பிரபு சொல்லிவிடுகிறான். நிறத்தைப் பார்த்தே குலத்தைக் கண்டுபிடித்தாயிற்று!

ஆக, உண்மையிலேயே கீழே பிறந்து மேலே வந்தவன் அயோக்கியன். யோக்கியனாக மேலே வந்தவன் உண்மையில் கீழே பிறந்தவன் இல்லை. இதுதான் இந்தக் கதையின் கணக்கு. பிறப்பை வைத்து மனிதனை அளக்கிற இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? அக்கிரகாரத்திலும் பண்ணை வீட்டுத் திண்ணையிலும் நாம் கேட்டுச் சலித்த கணக்கு!

ஆனால் உண்மை என்ன? ஷாஸ்டா செய்த வீரச் செயல்களையெல்லாம் அவன் மீனவப் பையனாக இருந்தபோதுதான் செய்தான். பாலைவனத்தைக் கடந்தபோது அவன் இளவரசன் என்று அவனுக்குத் தெரியாது. சிங்கம் அராவிஸைத் துரத்தியபோது ஓடுகிற குதிரையிலிருந்து குதித்து, வெறுங்கையோடு எதிரே நின்றானே, அந்தக் கை வலை கழுவிய கை. மூச்சு வாங்க ஓடி ராஜாவை எச்சரித்தானே, அந்தக் கால் கடற்கரை மணலில் வளர்ந்த கால். உழைப்பில் வளர்ந்த தைரியத்தை எடுத்து, கடைசி அத்தியாயத்தில் கிரீடத்தின் கணக்கில் வரவு வைக்கிறார்கள். உபரி மதிப்பைத் திருடுவது ஆலையில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல, தோழர்களே!

பஞ்சத்தில் பட்டாடை

ராஜா லூன் நல்ல ராஜா என்று கதை சொல்கிறது. மகனுக்கு அவர் ராஜதர்மம் போதிக்கிறார். போரில் முன்னால் நிற்க வேண்டும், பின்வாங்கும்போது கடைசியில் வர வேண்டும் என்கிறார். சரி. அடுத்து என்ன? நாட்டில் பஞ்சம் வந்தால், ராஜா மற்ற எல்லோரையும்விட நேர்த்தியாக உடுத்தி, மற்ற எல்லோரையும்விடக் குறைவான உணவை வைத்துக்கொண்டு, மற்ற எல்லோரையும்விடப் பலமாகச் சிரிக்க வேண்டுமாம். கெட்ட வருஷங்களில் பஞ்சம் வரத்தானே செய்யும் என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தையும் விழுகிறது.

பஞ்சம் மழையைப் போலத் தானாக வருகிறதா? இதை எழுதியவர் பிறந்த அயர்லாந்தையே கேட்போம். 1845-ல் அங்கே உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். ஏறத்தாழ அதே அளவு ஜனங்கள் நாட்டைவிட்டுக் கப்பலேறினார்கள். அந்த ஆண்டுகளிலேயே அயர்லாந்திலிருந்து தானியமும் மாடும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. குத்தகை கட்ட முடியாதவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. அழுகியது உருளைக்கிழங்கு. கொன்றது நிலப்பிரபுத்துவம்.

இந்த நாவல் வெளிவருவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன், 1943-ல், லண்டன் ஆட்சியின் கீழிருந்த வங்காளத்தில் பஞ்சம். மாண்டவர்கள் 20 முதல் 30 லட்சம் என்று கணக்கிடுகிறார்கள். அரிசி பதுக்கப்பட்டது, விலை ஏறியது, யுத்தத்தின் பெயரால் படகுகள் பறிக்கப்பட்டன. ராஜா நல்ல சட்டை போட்டுச் சிரித்திருந்தால் கல்கத்தாத் தெருவில் விழுந்தவன் எழுந்திருப்பானா? நமக்குச் சிரிக்கிற ராஜா வேண்டாம். களஞ்சியத்தின் சாவி வேண்டும்.

வடக்கே சுதந்திரம், தெற்கே சவுக்கா?

கதையில் ஒரு பூகோளம் இருக்கிறது. வடக்கே வெள்ளை முகம், சுதந்திரம். தெற்கே கறுத்த முகம், தலைப்பாகை, வளைந்த வாள், அடிமைத்தனம். நடுவில் பாலைவனம், அதில் குடியிருக்கும் ஜனங்களே இல்லை. கடப்பதற்கான வெறும் மணல் அது. ஆடு மேய்க்கிறவன் இல்லை, கிணறு தோண்டியவன் இல்லை. நிஜமான பாலைவனங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஜனங்கள் ஒட்டகம் ஓட்டி, கிணறு காத்து, பேரீச்சை பயிரிட்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

நிஜ உலகத்தின் பூகோளம் வேறு. பிரிட்டிஷ் கப்பல்கள் மட்டும் சுமார் 30 லட்சம் ஆப்பிரிக்கர்களை விலங்கு மாட்டி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுபோயின. 1833-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. அப்போது நஷ்டஈடாக 2 கோடி பவுன் கொடுத்தது. யாருக்கு? அடிமைகளுக்கா? இல்லை, எஜமானர்களுக்கு! சுமார் 8 லட்சம் அடிமைகளுக்கு ஒரு பென்னிகூடக் கிடையாது. அவர்கள் இன்னும் சில ஆண்டுகள் 'பயிற்சி' என்ற பெயரில் அதே எஜமானனுக்குச் சும்மா உழைக்க வேண்டியிருந்தது. 1838-ல்தான் அது முடிந்தது. அந்த நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடன் 2015-ல்தான் முழுதும் அடைபட்டது. அடிமைகளின் வாரிசுகள் கட்டிய வரியும் எஜமானர்களின் கடனை அடைத்தது!

அடிமைகள் விட்டுப்போன கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? 1834 முதல் மொரீஷியஸுக்கும், பிறகு மற்ற தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் ஏற்றப்பட்டார்கள். 1860-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. வடக்கின் 'சுதந்திர' ராஜ்யத்தைப் பற்றி நம்மவர்களுக்கும் சொல்லக் கதை உண்டு.

அரபு நாடுகளில் அடிமைமுறை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. சவுதி அரேபியா 1962-ல்தான் அதை ஒழித்தது. அதை நாம் மறைக்கவில்லை. கொடுமைக்குத் திசை கிடையாது, வர்க்கம்தான் உண்டு என்பதே நாம் சொல்வது. அடிமை எஜமானன் தெற்கிலும் இருந்தான், வடக்கிலும் இருந்தான். ஒருவனுக்குத் தலைப்பாகை. மற்றவனுக்கு உயரத் தொப்பி.

அடிமைகளே எழுதிய கதை

நாவலாசிரியர் ஓரிடத்தில் போதனை செய்கிறார். அடிமையாய் இருந்தவனுக்கு, விரட்ட ஆள் இல்லாவிட்டால் தன்னைத்தானே விரட்டிக்கொள்ளும் சக்தி அநேகமாகப் போய்விடுகிறதாம். பாலைவனத்தில் களைத்துப்போன குதிரைகளைப் பற்றிச் சொல்கிற சாக்கில் இதைச் சொல்கிறார்.

சரித்திரம் என்ன சொல்கிறது? ஈராக்கில் பாஸ்ரா நகரத்தின் அருகே உப்பு படிந்த சதுப்பு நிலங்களைத் திருத்தக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் 869-ல் எழுந்தார்கள். தங்களுக்கென்று நகரம் கட்டினார்கள். 883 வரை, 14 ஆண்டுகள், கலீபாவின் படைகளை எதிர்த்து நின்றார்கள். அவர்களை விரட்டியது யார்? எந்தச் சிங்கம்?

கரீபியக் கடலில் ஹைட்டித் தீவு. பிரெஞ்சு முதலாளிகளின் கரும்புத் தோட்டங்கள். ஒரு தோட்டத்தில் அடிமையாகப் பிறந்து, கால்நடைகளைப் பார்த்துக்கொண்டு, எஜமானனின் குதிரை வண்டியை ஓட்டிய ஒருவர் இருந்தார். பெயர் டூசான் லூவர்ச்சூர். உண்மையான 'குதிரையும் அதன் பையனும்' அவர் கதைதான்! 1791-ல் அடிமைகள் எழுந்தார்கள். அவர் அவர்களுடைய தளபதியானார். நெப்போலியனின் ஆட்கள் அவரை வஞ்சகமாகப் பிடித்துப்போனார்கள். 1803-ல் பிரான்ஸில் குளிரடிக்கிற கோட்டைச் சிறையில் அவர் மாண்டார். அதோடு கதை முடிந்ததா? இல்லை. 1804 ஜனவரி 1-ல் ஹைட்டி சுதந்திர நாடானது. டூசான் ராஜகுமாரன் என்று கடைசியில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் என்ற அடிமை, 1831 கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு கூலி இல்லாமல் வேலைக்குத் திரும்புவதில்லை என்று தோட்டம் தோட்டமாகச் சத்தியம் வாங்கினார். வேலைநிறுத்தம்! பல்லாயிரம் அடிமைகள் அதில் இறங்கினார்கள். அது கலகமாக மூண்டது, கொடூரமாக நசுக்கப்பட்டது. 300-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். 1832 மே மாதத்தில் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டுதான் லண்டனில் அந்தச் சட்டம் வந்தது. பார்லிமெண்டின் கருணை எங்கிருந்து பிறந்தது என்று இப்போது தெரிகிறதா?

நாம் என்ன செய்வது?

இந்தப் புத்தகத்தைக் கொளுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. தடை செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. புத்தகத்தைக் கண்டு பயப்படுவது ஆளும் வர்க்கத்தின் வேலை. படிக்கட்டும். நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் படிக்கட்டும். குதிரை ஓடும்போது மனம் துள்ளட்டும்.

ஆனால் புத்தகத்தை மூடும்போது பக்கத்தில் உட்காருங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் உட்காருங்கள். பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லுங்கள். கேட்டு முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த அடிமைப் பெண்ணின் பெயர் என்ன? அவள் முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டது யார்? ஷாஸ்டா ராஜா மகன் இல்லை, மீனவன் மகன்தான் என்றால் கதை எப்படி முடிய வேண்டும்?

பிள்ளை யோசிக்கும். தான் எங்கோ களவு போன ராஜகுமாரன், ஒருநாள் யாராவது வந்து அடையாளம் கண்டு அழைத்துப்போவார்கள் என்று கனவு காண்கிற பிள்ளை, தன் தகப்பனைப் பார்த்து வெட்கப்படும். குடிசையைவிட்டுத் தனியே தப்பிக்க நினைக்கும். அந்தப் பெண்ணின் கதியைக் கேட்கப் பழகிய பிள்ளை, பக்கத்துத் தறிக்காரனின் கதியையும் கேட்கும், அடுத்த குடிசையின் கதியையும் கேட்கும். முதலாளி பயப்படுவது இந்தப் பிள்ளையைத்தான்.

ஒவ்வொருவருக்கும் அவரவர் கதை மட்டும் என்கிறது அந்தச் சிங்கம். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். அடிபட்டவள் கதை நம் கதை. ராஜகுமாரர்கள் உலகத்தில் சிலர்தான். பெயரில்லாமல் கதையைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் கோடிக்கணக்கானவர்கள். அவர்கள் கதை இன்னும் முடியவில்லை. அதை முடிக்க வேண்டியவர்கள் நாம்தான், தோழர்களே!